இரக்கம்

மன்னார்புரத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிற்பகல் மூன்று மணிக்குச் செபமாலை உருட்டுகிறவர்கள் வேண்டுவது 'இரக்கம்'. 'இரங்கு' என்ற வினையில் பிறந்த சொல். மனம் இளகுதல், அழுதல் இரண்டும் அதன் பொருள்கள். நெய்தல் திணையின் உரிப்பொருளான இரங்கலும் இன்றைய இரங்கல் கூட்டமும் அதே வேர்தான். ஆக, இரங்குகிறவர் நம்மோடு சேர்ந்து அழுகிறவர்.

விவிலியத்தில் இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லான 'ரஹமீம்' இன்னும் நெருக்கமானது. தாயின் கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' அதற்கு உறவு. பிள்ளைக்காகப் பெற்ற வயிறு துடிப்பதையே கடவுள்மேல் ஏற்றிச் சொன்னார்கள். எத்தனை துணிச்சல்!

இந்த இரக்கத்துக்கென ஒரு ஞாயிறும் உண்டு. போலந்துத் துறவி ஃபவுஸ்தீனாவுக்கு 2000 ஏப்ரல் 30 அன்று புனிதர் பட்டம் அளித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பாஸ்காவின் இரண்டாம் ஞாயிற்றை இறை இரக்க ஞாயிறாக அறிவித்தார். நம் பாட்டிமாருக்கோ இரக்கம் என்றால் 'கிருபை தயாபத்து'. மாதாவை இரக்கத்தின் தாயாக அழைக்கும் செபத்துக்கே அவர்கள் வைத்திருந்த பெயர் அது.