ஒரே எடை, வேறு பலம்

மலர்க் குழுவினர் "நம்ம ஊர் வரலாறு ஏதாவது எழுது" என்றார்கள். முத்துக்குளிப்பைப் பற்றியும் வ.உ.சி.யின் கப்பலைப் பற்றியும் எப்படியும் நாலு பேர் எழுதியிருப்பீர்கள். நான் உப்பில் தொடங்கி ஒரு மாத்திரையின் சரித்திரத்துக்குப் போகிறேன். பொறியாளனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். காரணம் வீட்டிலேயே இருக்கிறது.

என் அப்பா நாற்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவர் உப்பு வாரிய கூலியில்தான் நான் நம் கல்லூரிக்கு ஃபீஸ் கட்டினேன். இப்போது அவருக்கு இதயம் பலவீனம். மற்ற மருந்துகளோடு ஸ்பைரனோலாக்டோன் 25 மில்லிகிராம் கொடுத்தார்கள். சில மாதங்களில் மார்பு வீங்கி வலித்திருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் துண்டைப் போர்த்திக்கொண்டே திரிந்தார். விஷயம் தெரிந்ததும் டாக்டர் எப்ளெரினோனுக்கு மாற்றினார். முதலில் 25, ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு 50.

அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. "ஏலே, பழசு இருபத்தஞ்சுதான? இது எதுக்கு அம்பது? சீக்கு முத்திட்டா?"

டாக்டரிடம் கேட்டேன். "தம்பி, மில்லிகிராம்ங்கிறது எடை. பலம் வேற" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தவன்தான்.

வெயிலில் புதிதாக வேலைக்கு வந்தவன் முதல் சில நாள் சுருண்டு போவான், அப்புறம் தாக்குப்பிடிப்பான். அளத்துக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவர், ஆரோக்கியமான ஆட்களைச் சூட்டில் வைத்து இதை ஆராய்ந்தார். சில நாட்களில் வியர்வையில் உப்பு குறைந்தது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிதான் உடம்பை உப்பைப் பிடித்துவைக்கச் சொல்கிறது என்று ஊகித்தார். 1953-ல் சில்வியா சிம்ப்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் சுவிட்சர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து அந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஆல்டோஸ்டிரோன். சோடியத்தை நிறுத்திவைக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். டெய்ட் ஒரு இயற்பியல்காரர் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்!

1957-ல் சியர்ல் கம்பெனியின் செல்லாவும் ககாவாவும் இந்த ஹார்மோனின் இடத்தை அடைக்கும் மருந்துகளை வெளியிட்டார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் ஸ்பைரனோலாக்டோன். இதில் ஒரு விசித்திரம். அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலிக்கு இதைக் கொடுத்தால் ஒன்றுமே நடக்காது. ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மருந்தின் வேலை தெரியும். நன்றாக உப்புப் போட்டுச் சாப்பிடும் ஆரோக்கியமான மனிதனுக்கும் ஆல்டோஸ்டிரோன் குறைவாகவே சுரக்கும். அப்படியானால் அவனிடம் இந்த மருந்தின் பலத்தை எப்படி அளப்பது? நிற்கிற வண்டியில் பிரேக்கைச் சோதிக்க முடியுமா?

1970-களின் நடுவில் பிரிட்டனில் லாரன்ஸ் ராம்சேயும் அவர் கூட்டாளிகளும் வண்டியை முதலில் ஓடவிட்டார்கள். ஆரோக்கியமான தொண்டர்களுக்கு ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்ற செயற்கை ஹார்மோனைக் கொடுத்தார்கள். சிறுநீரில் சோடியம் குறைந்தது, பொட்டாசியம் கூடியது. பிறகு அதே ஆளுக்கு வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு மருந்து, வெவ்வேறு அளவு. சோடியம்–பொட்டாசிய விகிதம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார்கள். ஒரு மருந்தின் இத்தனை மில்லிகிராமுக்கு இன்னொன்றின் எத்தனை மில்லிகிராம் சமம் என்று அப்போதுதான் கணக்குப் போட முடிந்தது.

இதில் ஒரு நம்பிக்கை உடைந்தது. ஸ்பைரனோலாக்டோன் உடம்புக்குள் போய் கேன்ரினோன் ஆகிறது, வேலையெல்லாம் அதுதான் செய்கிறது என்று நினைத்திருந்தார்கள். ஆனால் நேராகக் கேன்ரினோன் ஆகக்கூடிய மருந்தைக் கொடுத்தபோது பலன் குறைவாகவே இருந்தது. பழைய அளவீட்டு முறை மற்ற பொருட்களையும் கேன்ரினோன் கணக்கிலேயே சேர்த்திருந்தது. மீட்டரை நம்பி ஏமாறுவது நம் தொழிலுக்கு மட்டும் சொந்தமில்லை போல. கந்தகம் சேர்ந்த வேறு பொருட்களுக்குத்தான் அதிகப் பங்கு என்பது 1980-களில் தெளிவானது.

எப்ளெரினோன் கதை இன்னும் வேடிக்கை. சோதனைக்குழாயில் பார்த்தால் அதன் பிடி ஸ்பைரனோலாக்டோனைவிட மிக மிகத் தளர்ச்சி. மனித உடம்பில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. சம எடையில் ஏறக்குறைய பாதி முதல் முக்கால் பலம். ஆண் ஹார்மோனின் இடத்தில் அதிகம் கை வைக்காததால் மார்பு வீங்குவதும் அபூர்வம்.

இவ்வளவையும் அப்பாவிடம் சொன்னேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். "தண்ணி பாக்க எல்லாம் ஒண்ணுபோலத்தாம்ல இருக்கும். டிகிரி போட்டுப் பாத்தால்லா தெரியும்!" கடல் தண்ணீர் மூன்று டிகிரி, இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு இறங்கும். பாத்தி பாத்தியாக அளந்தே ஆயுசு கழித்த மனிதருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

பழைய மாத்திரையையும் மட்டமாக நினைத்துவிடக் கூடாது. 1999-ல் வெளிவந்த ராலெஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1663 பேரில், அதைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு மரண அபாயம் 30 சதவீதம் குறைந்தது. ஆனால் இரண்டு மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும். அது எல்லை மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை. அதனால்தான் பொட்டாசியம் நிறைந்த இளநீருக்கும் எங்கள் வீட்டில் தடை.

ஐம்பது மில்லிகிராமை அப்பா ஏற்றுக்கொண்டுவிட்டார். இளநீர் விஷயத்தில் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறோம்.