அணிலும் காக்காவும்

சிவகாசிக்கு எதற்குப் போகிறோம்? தீபாவளிக்கு முன்னால் காரில் போய், டிக்கி நிறையப் பட்டாசு வாங்கி வர. 'ஊரையும் கொஞ்சம் சுற்றிப் பாருங்களேன்' என்றால், 'வெயிலைத் தவிர அங்கே என்ன சார் இருக்கு?' என்பீர்கள்.

விஸ்வநாதர் கோயில் இருக்கிறது. பாண்டிய மன்னன் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவர, அதைச் சுமந்த பசு இங்கேயே நின்றுவிட்டது என்பது ஐதிகம். கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது இன்னொரு கதையும் ஞாபகமிருக்கட்டும். ஒருகாலத்தில் நாடார்களுக்கு இதற்குள் அனுமதியில்லை. அந்த உரிமைச் சண்டை 1899-ல் பெருங்கலவரமாகி, வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டம் வர 1939 ஆயிற்று.

அதே ஊர், அதே சமூகம். அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு உறவுக்கார இளைஞர்கள் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குக் கிளம்பினார்கள், தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள! மழை ஏமாற்றும் கரிசல் பூமியில் விவசாயத்தை நம்பி என்ன செய்வது?

நேரம் பாருங்கள். 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வெள்ளைக்கார அரசு கடும் வரி போட்டது. வரியிலிருந்து தப்ப ஸ்வீடன்காரர்கள் பம்பாய்ப் பக்கம் விம்கோவைத் தொடங்கினார்கள். அவர்களிடம் ராட்சத இயந்திரங்கள். நம்மவர்களும் ஜெர்மன் மெஷின் வாங்கித்தான் ஆரம்பித்தார்கள். கட்டுப்படியாகவில்லை, கைவேலைக்கு மாறினார்கள். பி.காம். படித்த எனக்கு இந்த இடம்தான் பிடிக்கிறது. மருந்து முக்கிய குச்சியைக் காயவைக்கச் சிவகாசி வெயில் போதும், அதற்கு மின்சார பில் கிடையாது!

பிறகு இருவரும் பிரிந்தார்கள். அவருக்கு அணில் மார்க், இவருக்குக் காக்கா மார்க். எழுத்துத் தெரியாதவரும் 'காக்கா பெட்டி குடு' என்று கேட்டு வாங்கலாம். லேபிள் வேண்டுமே, அச்சகம் வந்தது. அச்சகத்தோடு உங்கள் வீட்டு முருகன் காலண்டரும் வந்தது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து, லைசென்ஸ் வாங்கிய பட்டாசுத் தொழிற்சாலைகள் பெருகின.

வரவு மட்டும் சொன்னால் கணக்காகுமா? அந்த மலிவான கைகளில் பிஞ்சுக் கைகளும் இருந்தன. 1996-ல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது, சிவகாசி வழக்கில்தான்.

ஊருக்கு வெளியே முதலிப்பட்டி. 2012 செப்டம்பர் 5-ம் தேதி பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. தீயைப் பார்த்து, உதவலாம் என்று அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள்.