மேலண்ணத்துல இருந்து கொஞ்சம் சதை

பல்லு நாளுக்கு நாள் நீளமாகிக்கிட்டே போகுதேன்னு கண்ணாடி முன்னாடி நின்னு யோசிச்சிருக்கீங்களா? பல் வளரலைங்க, ஈறு இறங்குது. (மேல்வரிசைப் பல்லுன்னா ஏறுதுன்னு தான் சொல்லணும். ஆனா எல்லாத்துக்கும் 'இறங்குது'ன்னே சொல்றோம்.) வேர் வெளியே தெரிய ஆரம்பிச்சா ஐஸ் தண்ணி பட்டாலே சுர்ருங்கும். இதுக்கு மேலண்ணத்துல இருந்து சதை எடுத்து ஒட்டுப் போடுவாங்கன்னு கேள்விப்பட்டப்போ, மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுற மாதிரி இருக்கேன்னு தோணிச்சு. யாருக்கு முதல்ல இந்த யோசனை வந்துச்சுன்னு தேடப் போய், எங்கெங்கேயோ போய் முடிஞ்சது.

முதல் கட்டம் 1956. குரூப், வாரன்னு ரெண்டு பேர் ஒரு வழி சொன்னாங்க. வேர் தெரியற பல்லுக்குப் பக்கத்துப் பல்லோட ஈறை, அடிப்பக்கம் அறுக்காம, அப்படியே பக்கவாட்டுல நகர்த்தி இந்தப் பல் மேல போர்த்தித் தைக்கறது. அடி ஒட்டிக்கிட்டு இருக்கறதால ரத்த ஓட்டம் நிக்காது. (உடனே சுஸ்ருதர்னு ஆரம்பிக்காதீங்க! கன்னத்துத் தோலை அடி விடாம திருப்பி மூக்கு செய்யற முறை சுஸ்ருத சம்ஹிதையில இருக்கறது உண்மைதான். தத்துவம் ஒண்ணு. ஆனா ஈறுக்கு அதைச் செஞ்சது இவங்க.) இதுல ஒரு சங்கடம். பக்கத்து வீட்டு நிலத்தை வளைச்சுப் போட்டா பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? அந்தப் பல்லோட ஈறு இறங்க ஆரம்பிச்சது. அதனால 1966ல குரூப்பே முறையை மாத்தி, பக்கத்துப் பல் ஓரத்துல ஒரு கரையை விட்டுட்டு எடுக்கச் சொன்னார்.

அதுக்குள்ள வேற யோசனையும் வந்திருந்தது. பக்கத்துல இருந்து எதுக்கு எடுக்கணும், மேலண்ணத்துல தான் கெட்டியான சதை நிறைய இருக்கே? 1963ல ஸ்வீடன்ல பியோர்ன், 1966ல அமெரிக்காவுல நேபர்ஸ், ஈறுத் துண்டை முழுசா வெட்டி எடுத்து வேற இடத்துல வைக்கறதைப் பத்தி எழுதினாங்க. 1968ல சல்லிவனும் அட்கின்ஸும் அது எப்படிப் பிழைக்குதுன்னு விளக்கினாங்க. வெட்டின துண்டுக்குச் சொந்த ரத்தம் கிடையாது. முதல் ரெண்டு மூணு நாள் கீழே இருக்கற புண்ணுல கசியற நீரை உறிஞ்சித்தான் உயிரோட இருக்கும். அப்புறம் தான் ரத்தக் குழாய் உள்ளே வரும். ஆனா பல்வேர் மேல ரத்தமே கிடையாதே! பாறை மேல நாத்து நட்ட கதை. அகலமான, ஆழமான பள்ளம்னா நடுவுல இருக்கற ஒட்டு பட்டுப்போகும். பிழைச்சாலும் வெளிறிப் போய், சைக்கிள் டியூப்ல பஞ்சர் ஒட்டின மாதிரி தனியாத் தெரியும். அண்ணத்துல வேற திறந்த புண், ஆறும் வரைக்கும் ரசம் சாதம் கூட எரியும்.

இதை அப்போ ஏன் இவ்வளவு பேருக்குச் செஞ்சாங்கங்கறது தனிக் கதை. 1972ல லாங், லோ ரெண்டு பேரும் பல் மருத்துவ மாணவர்களைப் பார்த்துட்டு, கெட்டி ஈறு 2 மில்லிமீட்டருக்குக் குறைவா இருந்தா சுத்தமா வச்சிருந்தாலும் வீக்கம் போகலைன்னு எழுதினாங்க. அவ்வளவுதான், 2 மில்லிமீட்டர் வேதவாக்காயிடுச்சு. குறைஞ்சா ஒட்டு போடு! 1980கள்ல ஸ்வீடன்ல வென்ஸ்ட்ரோம் குறுகலான ஈறு இருந்தவங்களை 5 வருஷம் தொடர்ந்து பார்த்தார். ஒழுங்கா அழுக்கு நீக்கினா ஈறு அப்படியே நிக்குதுன்னு 1987ல எழுதினார். அதுக்குள்ள எத்தனை அண்ணம் எரிஞ்சுதோ.

எனக்கு இந்த வரலாறுல ரொம்பப் பிடிச்சது 1975ல வந்த ஒரு குரங்குச் சோதனை. காரிங், லாங், அப்புறம் அதே லோ. ஈறுல மேல்தோலை நீக்கிட்டு உள்சதையை மட்டும் எடுத்து, உதட்டுக்கு உள்பக்கம் இருக்கற மாதிரி மெல்லிய, வழவழன்னு இருக்கற தோலுக்கு அடியில புதைச்சாங்க. சில வாரம் கழிச்சு மேலே மூடியிருந்ததை எடுத்துட்டாங்க. சுத்தி இருந்த மெல்லிய தோல் வளர்ந்து வந்து மூடணும். வந்துச்சு, ஆனா கெட்டியான ஈறுத் தோலா மாறிடுச்சு! மெல்லிய பகுதியோட உள்சதையைப் புதைச்ச இடத்துல மெல்லிய தோல் தான் வந்துச்சு. மேலே எது முளைக்கணும்னு தீர்மானிக்கறது கீழே இருக்கற சதை.

அப்படின்னா அண்ணத்துத் தோலை எதுக்கு உரிக்கணும்? 1985ல பர்ட்டன் லாங்கர், லாரீன் லாங்கர் (முன்னாடி சொன்ன லாங் வேற ஆள்) எழுதின முறையில, அண்ணத்துத் தோலைக் கதவு மாதிரி திறந்து, உள்சதையை மட்டும் எடுத்து, கதவை மூடித் தைச்சுடலாம். எடுத்ததை வேர் மேல வச்சு, அங்கே இருக்கற ஈறை அதுக்கு மேல போர்த்தறது. மேலே இருந்தும் ரத்தம், கீழே இருந்தும் ரத்தம். நிறமும் ஒத்துப்போகும். இன்னிக்கும் இந்த வழியோட வாரிசுகள் தான் ஓடிக்கிட்டிருக்கு.

அதே 1985ல மில்லர்ங்கறவர் ஈறு இறக்கத்தை நாலு வகையாப் பிரிச்சார். இரண்டு பல்லுக்கு நடுவுல எலும்பும் ஈறும் கரையாம இருந்தா வேரை முழுசா மூடலாம். கரைஞ்சிருந்தா பாதி தான். ரொம்பக் கரைஞ்சிருந்தா ஒண்ணும் ஆகாது.

இங்கே தான் மூணாவது தடவையா லோ வர்றார். நார்வேக்காரர். 1969ல ஆஸ்லோவுல படிச்ச ஆண்களையும், 1970ல இலங்கை மலையகத்துல டன்சினேன், ஹாரோன்னு ரெண்டு தேயிலைத் தோட்டத்துல 480 ஆண் தொழிலாளர்களையும் பரிசோதிக்க ஆரம்பிச்சார். நம்ம மலையகத் தமிழர்கள். பல் தேய்க்கற பிரஷ்ஷே தெரியாதவங்க, பல் வைத்தியம்னு எதுவும் எட்டாதவங்க. நோய் தானா எப்படிப் போகுதுன்னு பார்க்கறது தான் நோக்கம்.

ஈறு இறக்கத்தைப் பத்தின முடிவு 1992ல வந்துச்சு. தினம் அழுத்தித் தேய்ச்ச ஆஸ்லோவுல 20 வயசுலேயே 60 சதவீதத்துக்கு மேல ஈறு இறங்கியிருந்தது, ஆனா பல்லோட வெளிப்பக்கம் மட்டும். 50 வயசு நெருங்கினப்போ கூட பல்லிடுக்குகள்ல 3, 4 சதவீதத்துல தான் இறக்கம். தோட்டத்துல 40 வயசுல ஒருத்தர் பாக்கியில்லை. 50 வயசு நெருங்கினப்போ வெளிப்பக்கம் 70 சதவீத இடங்கள்ல, உள்பக்கம் 50, பல்லிடுக்குல 40.

இப்போ மில்லர் கணக்கோட வச்சுப் பாருங்க. இத்தனை வருஷமாச் செதுக்கின ஒட்டு முறையெல்லாம் ஆஸ்லோ வாய்க்குப் பொருந்தும். டன்சினேன் வாய்க்கு லாங்கர் வந்தாலும் பாதி தான். அவங்களுக்குத் தேவைப்பட்டது 20 வயசுல ஒரு பிரஷ்ஷும், காரை சுரண்டிவிட ஒரு ஆளும். வருஷக்கணக்கா வந்து வந்து அளந்துட்டுப் போன இடத்துல அது இல்லாம இருந்தது எனக்கு உறுத்துது. அந்த அளவுகள் இன்னிக்கும் பாடப் புத்தகத்துல இருக்கு.

2010ல ஒரு குழு மறுபடியும் அந்தத் தோட்டத்து ஆட்களைத் தேடிப் போச்சு. 480 பேர்ல 75 பேரைத் தான் பரிசோதிக்க முடிஞ்சது.