பொன் தட்டும் திருவோடும்

ரயில் சிநேகம் நீடிக்காது என்பார்கள். ரயிலில் மூளும் சண்டையும் அப்படித்தான். அவரவர் ஊர் வந்ததும் இறங்கிப் போய்விடுகிறார்கள். ஆனால் சண்டைக்குக் காரணமான சங்கதி சில சமயம் நம்மோடு வீடு வரை வந்துவிடுகிறது.

எழும்பூரிலிருந்து விழுப்புரம் போய்க்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் ஏறிய பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கை வரலாறு. அட்டையில் பாதி பட்டு ஜிப்பா. பாதி சிறைக் கம்பி.

“இதையா படிக்கிறீங்க? அத்தனையும் மசாலா!” என்றார் ஜன்னலோரத்து விழுப்புரத்துக்காரர். “பாட்டுக்குப் பத்துப் பக்கம், கொலைக் கேஸுக்கு நூறு பக்கம்!”

“நடந்ததைத்தானே தம்பி எழுதியிருக்கான்? ஜெயிலுக்குப் போனது பொய்யா?” என்றார் பெரியவர்.

இருவரும் பாகவதர் பக்தர்கள். சண்டை அதனாலேயே பலமாக இருந்தது.

நடந்தது என்ன என்பது ஏட்டில் இருக்கிறது. லக்ஷ்மிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையில் நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதி விற்றார். பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும், பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனுக் கொடுத்து அதை நிறுத்த வைத்தார்கள். அவர் ‘இந்து நேசன்’ என்று வேறு பத்திரிகையில் அதே தொழிலைத் தொடர்ந்தார். 1944 நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரியில், ரிக்ஷாவில் போகும்போது குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை, நாயுடு விடுதலையானார். ஹைகோர்ட் அப்பீலைத் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில் மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். இதில் பெரும்பகுதிக் காலம் சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம்! திரையில் கதாநாயகன் பாடுகிறான். பாடிய மனிதர் சிறையில்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லக்ஷ்மிகாந்தன் எழுதியதை எல்லோரும் அபாண்டம் என்றார்கள். ஆனால் அந்தப் பத்திரிகை அமோகமாக விற்றது. சீமையிலும் இதே கதைதான். ‘லெட் ஸெப்பலின்’ என்ற ஆங்கில இசைக் குழுவைப் பற்றி 1985-இல் ஸ்டீஃபன் டேவிஸ் எழுதிய புத்தகம், பெரும்பாலும் அவர்களுடைய சுற்றுப்பயண மேலாளர் சொன்ன லீலைகளை நம்பி எழுந்தது. குழுவினர் அதை ஏற்கவில்லை. புத்தகம் என்னவோ பிய்த்துக்கொண்டு போயிற்று.

நான் மெதுவாக, “கடைசி அத்தியாயம் எப்படி?” என்று கேட்டேன்.

அங்கேதான் சண்டை நின்றது. “படிச்சுட்டுத் தூக்கமே வரலை” என்றார் பெரியவர். “அது மட்டும் நல்லா எழுதியிருக்கான்” என்று ஒப்புக்கொண்டார் விழுப்புரத்துக்காரர். கேட்பாரற்று, கண் தெரியாமல், கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவரைப் பிச்சைக்காரர் என்று எண்ணி யாரோ காசு போட்ட கதை. பொன் தட்டில் சாப்பிட்டவர் கையில் கடைசியில் திருவோடு!

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த வித்தை தெரியும். ஏற்றம், சிறை, திருவோடு. மூன்றே காட்சி; வாசகர் கைக்குட்டையைத் தேட வேண்டியதுதான். ஆனால் வாழ்க்கை அவ்வளவு கச்சிதமாக இல்லையே!

பாகவதர் நடித்தவை 14 படங்கள். சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து. விடுதலைக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் உயிரோடிருந்தார். 1948-இல் ‘ராஜமுக்தி’யைச் சொந்தமாகத் தயாரித்தார்; 1957-இல் ‘புது வாழ்வு’க்குத் தாமே டைரக்ஷனும் செய்தார். கச்சேரிகள் செய்தார். படங்கள் தோற்றது உண்மை. நோய் வாட்டியதும் உண்மை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி, ஐம்பது வயதை ஒட்டி, சென்னையில் காலமானார்.

சிறை மட்டுமே அவரை வீழ்த்தியது என்றும் சொல்ல முடியாது. கூடவே சிறையிலிருந்த கிருஷ்ணன், வெளியே வந்து மறுபடியும் நாட்டைச் சிரிக்க வைத்தாரே! மாறியது காலம். 1952-இல் பாகவதரின் ‘அமரகவி’ வந்தது. அதே ஆண்டு ‘பராசக்தி’யும் வந்தது. அதில் வசனம் பேசி நாட்டைக் கலக்கிய இளைஞர் விழுப்புரம் சின்னையா கணேசன். கதாநாயகனுக்குப் பாடத் தெரிய வேண்டும் என்ற நியதி போய்விட்டது. இது சுவாரஸ்யமில்லாத காரணம். ஆகவே புத்தகத்தில் இடமில்லை.

வம்பை எழுதினால் ரசிகன் கோபிக்கிறான். துயரத்தை ஊதிப் பெருக்கினால் அழுதுகொண்டே நம்பிவிடுகிறான். இரண்டும் ஒரே சரக்குதான். முன்னது அவர் ஒழுக்கத்தைத் திருடுகிறது. பின்னது, தோற்ற பிறகும் அவர் உழைத்த பன்னிரண்டு வருஷத்தைத் திருடுகிறது.

விழுப்புரம் ஜங்ஷன் வந்துவிட்டது. பெரியவர் புத்தகத்தை மூடியபடியே இருந்தார். பிறகு சொன்னார்: “ஜெயிலுக்கப்புறமும் அவர் கச்சேரியை எங்கப்பா கேட்டிருக்கார். கூட்டம் நல்லா இருந்துதுன்னுதான் சொல்லுவார். நான்தான் நம்பல. அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சுன்னு நினைச்சேன்.”