திருகோணமலைத் துறையும் செய்மதி வழுத்திருத்தமும்

கடலோடுவார்க்குத் திசையறிதல் எளிது. தாம் நிற்கும் இடத்தை அறிதலே அரிது. திருகோணமலைத் துறையை நாடிவந்த பழைய மாலுமிகள் கோணேசர் ஆலயம் விளங்கும் சுவாமிமலையையும், பிற்காலத்திற் கொட்டியாரக் குடாவின் கீழ்க்கரையில் எழுந்த பவுல் முனை வெளிச்சவீட்டையும் கண்ணாற் கண்டு வழிதேர்ந்தனர். 1795 இல் இத்துறையைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் 1957 வரை அதனைத் தம் கடற்படைத் தளமாகப் பேணினர். அக்காலத்திற் கண்ணின் துணையோடு எண்ணின் துணையும் வேண்டப்பட்டது. அகலக்கோடும் நெடுங்கோடும் குறித்த படங்கள் அதற்கு உதவின.

எண் பொய்யுரையாது என்பர். ஆயினும், அவ்வெண் எந்த ஆதாரத்திலிருந்து எண்ணப்பட்டதென வினவாதார் ஏமாறுவர். இந்திய நில அளவையாளர் நாயகமாயிருந்த ஜோர்ஜ் எவரெஸ்ட் 1830 இற் பூமியின் வடிவுக்கு ஓர் அளவு வகுத்தார். இலங்கையின் நிலப்படங்கள் அவ்வடிவைத் தழுவி, நீர்கொழும்புக்கு அண்மையிலுள்ள கந்தவல என்னுமிடத்தை மூலத்தானமாகக் கொண்டு வரையப்பட்டன. செய்மதி முறையோ 1984 ஆம் ஆண்டின் உலக ஆதாரத்தைத் தழுவிப் பூமியின் நடுவிலிருந்து அளக்கின்றது. இவ்விரண்டும் திருகோணமலையில் ஏறத்தாழ 200 மீற்றர் வேறுபடும். நெடுங்கோட்டில் அஃது ஏழு விகலையளவாகும். செய்மதி தந்த எண்ணைத் திருத்தாது பழைய படத்திற் குறிப்பவன் தன் கலத்தை அவ்வளவு தூரம் கிழக்கே தள்ளிக் காண்பான். உட்டுறையின் வாயிலோ ஒடுக்கமானது. ஆண்டு 200 மீற்றர் என்பது நீருக்கும் பாறைக்கும் உள்ள வேறுபாடு. படமும் பொய்யன்று, செய்மதியும் பொய்யன்று. 1999 இல் இலங்கைக்கெனப் புதிய ஆதாரமொன்று வகுக்கப்பட்டது.

ஈண்டுச் சொற்றெளிவு வேண்டும். கருவி பன்முறையும் ஒரே விடையைத் தருமாயின் அது நுண்மை. அவ்விடை உண்மையோடு பொருந்துமாயின் அது செம்மை. இரண்டையும் துல்லியம் என்னும் ஒரே சொல்லால் வழங்குதல் மாணவரை மயக்கும். மேற்கூறிய கலத்தின் கணக்கில் நுண்மை உண்டு, செம்மை இல்லை.

ஆதாரத்தால் வரும் இவ்வேறுபாட்டோடு, செய்மதிச் சமிக்ஞையிலேயே புகும் வழுக்களும் உள. அவற்றுள் ஒன்று வேண்டுமென்றே புகுத்தப்பட்டது. அமெரிக்கப் படைத்துறை பொதுமக்களுக்குரிய சமிக்ஞையை 100 மீற்றர் வரை பிறழச் செய்தது. 2000 மே மாதத்திலேயே அது நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் அந்நாட்டுக் கரையோரக் காவற்படை மாற்றொன்று கண்டது. இடம் நன்கறியப்பட்ட நிலையமொன்றில் வாங்கியை நிறுத்தி, செய்மதி கூறுவதற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்து, அதனை வானொலியாற் கப்பல்களுக்கு அறிவித்தனர். ஓர் அரசின் ஒரு கை கலக்கிய நீரை மறுகை தெளிவித்தது விந்தையே!

இந்தியா அமைத்த ககன் என்னும் முறையும் இக்கருத்தையே விரித்தது. 15 நிலையங்கள் காணும் வழு ஒருங்கு கணிக்கப்பட்டு, புவிநிலைச் செய்மதிகள் வழியே பரப்பப்படுகின்றது. அந்நிலையங்கள் யாவும் இந்திய மண்ணில் உள்ளன. சமிக்ஞையோ இலங்கைக் கடலையும் எட்டுகின்றது. எனினும் திருகோணமலை காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ளது. அக்கோட்டை அடுத்த வானில், ஞாயிறு மறைந்த பின்னர் மின்னேற்ற மண்டலம் குமிழ்களாய்க் குலைய, சமிக்ஞை நடுங்கும். சில நாழிகைக்குள் மாறிவிடும் அவ்வழுவைத் தொலைநிலையங்களின் கணிப்புக் கொண்டு முற்றுந் திருத்தல் இயலாது.