சாவிக் கொத்தும் பத்துக் கொத்தும்

நம் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் போன் செய்து, "மலருக்கு ஒரு கட்டுரை வேணும்ப்பா. நிர்வாகம், தலைமைன்னு ஏதாவது எழுது. இப்போ படிக்கிற பசங்களுக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சம்தான். அந்தப் பாடத்தில் நான் வாங்கிய முதல் மார்க் பூஜ்யம். அதை ஒப்புக்கொண்டுவிட்டு, பிற்பாடு நம் ஊர்ச் சரித்திரத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

2010-ல் மெக்கானிக்கல் முடித்து வெளியே வந்தவன் நான். முப்பது வயதைத் தாண்டியதும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளன் ஆனேன். தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். தவறு என்னுடையது. பொறுப்பேற்றவுடன் நான் செய்த முதல் சீர்திருத்தம், உதிரி பாகங்கள் இருக்கும் ஸ்டோரின் சாவியை என்னிடம் வாங்கி வைத்துக்கொண்டதுதான். ஒரு நட்டு வெளியே போவதானாலும் என் கையெழுத்து வேண்டும். செலவு குறைந்தது, கணக்கு சரியாக வந்தது. 'ஆகா, என்ன ஒழுங்கு!' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மார்கழியில், எங்கள் மூத்த ஃபிட்டர் வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். "சார், கூலிங் வாட்டர் பம்ப் ரெண்டு நாளா ஒரு மாதிரி சத்தம் போடுது. பேரிங்கை மாத்திடலாம்" என்றார். நான் அதிர்வு ரீடிங்கைப் பார்த்தேன். எல்லைக்குள்தான் இருந்தது. "ரீடிங் நார்மலா இருக்கே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வைகுண்ட ஏகாதசிக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். ஸ்டோர் சாவி என் பையில்!

இரவு பம்ப் இறுகி நின்றது. மாற்று பேரிங் ஸ்டோரில் பத்திரமாக இருந்தது. சாவி ஸ்ரீரங்கத்தில், எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணை அறையில். நானோ செல்போனை வீட்டில் வைத்துவிட்டுச் சொர்க்க வாசல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் பூட்டை உடைத்தார்கள். ஒரு ஷிப்ட் முழுக்க உற்பத்தி போனது. காலையில் போனில் அந்த ஃபிட்டர், "பூட்டை உடைச்சுட்டோம் சார், மன்னிச்சுக்குங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முகம் வாடி உட்கார்ந்திருந்த என்னிடம் பெரியப்பா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சிரித்தார். "ஏண்டா, இந்த ஊர்ல சாவிக்குன்னே ஒரு சரித்திரம் இருக்கு, தெரியுமோ? உடையவர் கதையைப் படி" என்றார். உடையவர் என்றால் ராமானுஜர். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் எத்தனையோ முறை ஸ்ரீரங்கம் போயிருக்கிறேன். பிரகாரம் பிரகாரமாகச் சுற்றியிருக்கிறேன். இந்தக் கதை எனக்குத் தெரியாது.

சாவி கை மாறிய கதை

ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்றையும் நடைமுறைகளையும் தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்த நூல் ஒன்று உண்டு. பெயர் 'கோயிலொழுகு'. அதிலும் வைணவ குருபரம்பரை நூல்களிலும் வரும் செய்திகளைத்தான் இங்கே சொல்கிறேன். கல்வெட்டு போலத் தேதியிட்டு நிரூபிக்க முடிகிற செய்திகள் அல்ல இவை. ஆனால் ஒரு பெரிய நிறுவனம் தன்னைப் பற்றி எதை ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பியது என்பதை இவை சொல்கின்றன.

ராமானுஜரின் காலம் மரபுப்படி 1017 முதல் 1137 வரை. அவர் ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது கோயில் நிர்வாகமும் சாவிக் கொத்தும் பெரிய கோயில் நம்பி என்பவர் கையில் இருந்தன. புதிதாக வந்த துறவி சொல்கிற மாற்றங்கள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரை விலக்கிவிடலாம் என்றே முதலில் ராமானுஜர் எண்ணியதாகவும், 'நெடுநாள் நமக்குத் தொண்டு செய்தவர், வேண்டாம்' என்று அரங்கன் கனவில் தடுத்ததாகவும் மரபு.

பிறகுதான் கூரத்தாழ்வான் வருகிறார். அவர் ராமானுஜரின் சீடர், மகா பண்டிதர். நம்பியோடு அவரைப் பழக விட்டார் ராமானுஜர். நம்பியின் தாயார் இறந்த பதினோராம் நாள் சடங்கில் விருந்தினராக உட்காரக் கூரத்தாழ்வான் போனார். சாப்பிட்டு முடிந்ததும் 'திருப்தியா?' என்று கேட்பது வழக்கம். 'ஆயிற்று' என்று அவர் சொன்னால்தான் சடங்கு நிறைவு பெறும். என்ன வேண்டும் என்று நம்பி கேட்க, கோயில் சாவியைக் கேட்டாராம் ஆழ்வான். நம்பி கொடுத்துவிட்டார்.

இதை ஒரு தந்திரம் என்று சொல்லலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். சாவி போன நம்பியை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் ஆழ்வானுக்குச் சீடரானார். அவர்தான் திருவரங்கத்தமுதனார். ராமானுஜரைப் போற்றி 108 பாசுரங்கள் கொண்ட 'இராமானுச நூற்றந்தாதி'யைப் பாடியவர். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தோடு சேர்த்து அதை இன்றும் ஓதுகிறார்கள். எதிர்த்தவரை அவமானப்படுத்தாமல், அவர் திறமைக்கு ஏற்ற வேறு இடம் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

எல்லோரும் இப்படி வழிக்கு வந்துவிடவில்லை. மாற்றம் பிடிக்காதவர்கள் ராமானுஜரின் பிட்சை உணவில் விஷம் வைத்ததாகக் குருபரம்பரை சொல்கிறது. செய்தி கேட்டு அவருடைய ஆசான் திருக்கோஷ்டியூர் நம்பி ஓடி வந்தார். காவிரி மணல் கொதிக்கிற வெயில். ராமானுஜர் அந்த மணலில் விழுந்து வணங்கினார். ஆசான் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பொறுக்க மாட்டாமல் கிடாம்பி ஆச்சான் என்ற சீடர் பாய்ந்து அவரைத் தூக்கிவிட்டார். 'இவன்தான் உமக்குச் சமைத்துப் போட ஏற்றவன்' என்றாராம் நம்பி. ஆளைத் தேர்ந்தெடுக்க இப்படியும் ஒரு நேர்முகத் தேர்வு!

பத்துக் கொத்து

சாவி கைக்கு வந்த பிறகு ராமானுஜர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அதுவரை ஐந்து கொத்தாக இருந்த கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாக விரித்தார் என்கிறது கோயிலொழுகு. கொத்து என்றால் குழு, இன்றைய பாஷையில் டிபார்ட்மென்ட். பிரபந்தம் பாடுபவர்கள் விண்ணப்பம் செய்வார். திருமஞ்சனத்துக்கு நீர் சுமப்பவர்கள் திருக்கரகக் கையார். வாயில் காப்பவர்கள் ஆரியபட்டாள். பூந்தோட்டமும் மாலையும் தாச நம்பிகள் பொறுப்பு. ஸ்தானத்தார், திருப்பணி செய்வார் என்று பட்டியல் நீள்கிறது. யாருக்கு எந்த வேலை, எந்த நேரத்தில், அதற்கு என்ன மரியாதை என்பது வரையறுக்கப்பட்டது. தண்ணீர் சுமப்பவருக்கும் ஒரு பெயர், ஓர் இடம், ஒரு மரியாதை.

மேற்பார்வையை யாரிடம் கொடுத்தார்? முதலியாண்டானிடம். அவர் ராமானுஜரின் மருமகன் முறை, பெரிய பண்டிதர். ஒரு சமயம், பெரிய நம்பியின் மகள் அத்துழாய்க்குப் புக்ககத்தில் ஒத்தாசைக்கு ஆள் தேவைப்பட்டது. ராமானுஜர் இந்தப் பண்டிதரையே அனுப்பி வைத்தாராம். அவரும் முணுமுணுக்காமல் போய்த் தண்ணீர் எடுத்து, சமையல் செய்தார். அப்படி வேலை செய்தவரிடம்தான் கோயில் மேற்பார்வை போனது.

இன்னொரு சின்னக் கதை. பெருமாள் வஸ்திரங்களை வெளுக்கும் சலவைத் தொழிலாளியை, பழைய நூல்கள் 'ஈரங்கொல்லி' என்கின்றன. ஒருநாள் அவர் கொண்டுவந்த துணியின் வெளுப்பைக் கண்டு மகிழ்ந்த ராமானுஜர், அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பெருமாள் முன்னால் நிறுத்தி, 'பாரும், இவர் எவ்வளவு அழகாக வெளுத்திருக்கிறார்!' என்று காட்டினாராம். போனஸ் கொடுத்தாரா தெரியாது. ஆனால் எஜமான் எதிரில் பெயர் சொன்னார். நாம் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்?

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான பரீட்சை அவருக்குப் பிறகுதான் வந்தது. 1323-ல் டில்லி சுல்தானின் படையெடுப்பு. உற்சவர் விக்கிரகத்தைப் பிள்ளை லோகாசாரியர் முதலானோர் ரகசியமாக எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். ஊர் ஊராக அலைந்த பெருமாள் 1371-ல், விஜயநகரத் தளபதி கோபணாரியர் காலத்தில்தான் திரும்பினார். 48 வருஷம்! இதற்குள் கோயிலில் வேறொரு விக்கிரகத்தை வைத்துப் பூஜை நடந்துகொண்டிருந்தது. எது பழையவர், எது புதியவர் என்று சொல்ல, பார்த்தவர் யாரும் உயிரோடில்லை.

அப்போது ஓர் ஈரங்கொல்லியைக் கண்டுபிடித்தார்கள். தள்ளாத கிழவர், கண் தெரியாது. இரண்டு விக்கிரகங்களுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர வஸ்திரத்தின் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். ஒன்றைத் தொட்டதும் அவர், 'இவரே நம்பெருமாள்' என்றாராம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பண்டிதர்களுக்கும் தளபதிக்கும் தெரியாதது, துணி துவைத்த கைக்குத் தெரிந்தது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் ஃபிட்டர் ஞாபகம் வந்தது. 'ஒரு மாதிரி சத்தம்' என்று அவர் சொன்னதும் இதுதானே?

பொன்மலைப் பாடம்

எல்லாப் பெருமையும் நம் ஊருக்கே என்று எழுதினால் அது சரித்திரம் ஆகாது. ஸ்ரீரங்கத்திலிருந்து சில மைல் தூரத்தில்தான் பொன்மலை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி, நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த பட்டறைகளை அங்கே ஒன்று சேர்த்தபோது ஆட்குறைப்பு வந்தது. யார் தங்குவது, யார் போவது என்பதைத் தொழில் தேர்வு வைத்து முடிவு செய்வார்களாம். வருஷக்கணக்கில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர்களுக்குப் பரீட்சை! 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அது நசுக்கப்பட்டது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றார்கள். 1946 செப்டம்பர் 5 அன்று அதே பொன்மலைச் சங்கத் திடலில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆட்களைத் தலைக்கணக்காக மட்டும் பார்த்த நிர்வாகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தத் திடலே சாட்சி.

பத்துக் கொத்திலும் குறை இருந்தது. வேலை வரையறுக்கப்பட்டது சரி. ஆனால் அது பிறப்பால் வருகிற உரிமையாக இறுகிப்போனது. தமிழ்நாட்டில் 1970-ல் வந்த சட்டம் அர்ச்சகர் முதலிய பணிகளுக்கான வாரிசு உரிமையை நீக்கியது. 1972-ல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. ஒரு காலத்தில் சீர்திருத்தமாக வந்ததையும், பின்னால் வருகிறவர்கள் திருத்தத்தான் வேண்டியிருக்கிறது. பொறுப்பை எழுதி வைக்கலாம். அதை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்க முடியாது.

நம் கல்லூரியில் இறுதியாண்டில் நிர்வாகத் தத்துவம் என்று ஒரு பேப்பர் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 1911-ல் டெய்லர், 1916-ல் ஃபயோல், அவருடைய பதினான்கு கொள்கைகள். பரீட்சைக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்து, மறுநாள் மறந்தோம். ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்ற ஏற்பாடு உலகப் பிரசித்தம். அதன் அர்த்தம் புரிய எனக்கு ஒரு பம்ப் தேவைப்பட்டது.

ஊரிலிருந்து திரும்பிய அன்றே ஸ்டோர் சாவியை ஷிப்ட் ஃபிட்டர்களிடம் கொடுத்தேன். எடுத்ததை எழுத ஒரு நோட்டு வைத்தேன். செக்-லிஸ்டில் ரீடிங்குக்குப் பக்கத்தில் 'சத்தம், சூடு, வாசனை — உங்கள் அபிப்பிராயம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் ஜெனரல் மேனேஜர் எதிரில், நடந்ததை மறைக்காமல் சொல்லி, அந்த ஃபிட்டரை எழுந்து நிற்கச் சொன்னேன். மனிதர் வெட்கத்தில் பாதிதான் எழுந்தார். அந்த வருஷம் உதிரி பாகச் செலவு கொஞ்சம் கூடித்தான் போனது. ஆனால் நான் லீவில் போனால் யாரும் எனக்குப் போன் செய்வதில்லை. ஆரம்பத்தில் இது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது!

தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கு உங்கள் கையிலும் ஏதாவது ஒரு சாவி வரும். ஸ்டோர் சாவியாக இருக்கலாம், கம்ப்யூட்டர் பாஸ்வேர்டாக இருக்கலாம், வெறும் கையெழுத்தாக இருக்கலாம். அதை யார் யாரிடம் பிரித்துக் கொடுக்கலாம் என்று வந்த முதல் வாரத்திலேயே யோசியுங்கள். சந்திப்புக்கு வருகிற நண்பர்களே, மறுநாள் அப்படியே ஸ்ரீரங்கம் போய் உடையவர் சந்நிதியையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். இப்போதெல்லாம் லீவு கிடைப்பதில் சிரமமில்லை.