நிலவறைக்கு வந்த வயல் வடிகால்

நிலவறைக்குள் நீர் கசிந்தால் சுவரைப் பூசி அடைக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் இதற்குக் கிடைத்த உருப்படியான விடை கொத்தனாரிடமிருந்து வரவில்லை, உழவரிடமிருந்து வந்தது. அங்கே குளிர்காலத்தில் மண்ணே உறைந்து உப்பும். உறைபனி எட்டாத ஆழத்தில் அஸ்திவாரம் போடாவிட்டால் சுவர் வெடித்துவிடும். அவ்வளவு ஆழம் தோண்டிய பிறகு அந்த இடத்தை வீணாக்குவானேன்? உருளைக்கிழங்கும் ஆப்பிளும் உறையாமல் காக்கும் கிடங்கு ஆக்கினார்கள். பனி உருகி நிலத்தடி நீர்மட்டம் உயரும் வசந்தத்தில்தான் வினை வந்தது: கிடங்கு கிணறாகிவிடும்.

அதே நீர்தான் வயல்களையும் கெடுத்தது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறி, நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊருக்கருகே பண்ணை வைத்த ஜான் ஜான்ஸ்டன், தாய்நாட்டு மாதிரியில் சுட்ட மண் குழாய்கள் செய்வித்து 1838இல் வயலுக்கடியில் பதித்தார். மூட்டுகளைப் பூசாமல் விடுவதே இம்முறையின் சூட்சுமம். அந்த இடுக்குகள் வழியே இறங்கும் நீர், வாட்டத்தில் ஓடி வெளியேறும். நியூ ஹாம்ப்ஷயரில் நீதிபதியாக இருந்த ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச், 1859இல் வெளியிட்ட பண்ணை வடிகால் பற்றிய நூலில் நிலவறைக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். சிமெண்ட் பூச்சு உதவாது, குழாய் வடிகாலே வழி என்பது அவர் முடிவு.

அன்றைய சிமெண்டின் தரத்தை வைத்துச் சொன்னது இன்றைக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பூச்சின் தரம் உயர்ந்தது உண்மை. நீரின் எடை மாறவில்லை. நிலவறைத் தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு வெளியே நீர் தேங்கினால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் கீழிருந்து ஏறத்தாழ ஒரு டன் விசை உந்தும். பூச்சு அந்த விசையைக் குறைப்பதில்லை, தாங்கி நிற்கத்தான் பார்க்கிறது. ஒரு மயிரிழை விரிசல் போதும், தோற்றுவிடும். அஸ்திவாரத்தை ஒட்டிய வடிகாலோ நீர்மட்டத்தையே இறக்கி, அந்த விசை உருவாகாமல் செய்கிறது. இன்றும் சுவரின் வெளிப்புறம் பூசிய பிறகு, அடியில் சல்லி பரப்பித் துளையிட்ட குழாய் பதிப்பது இதனால்தான்.

‘ஃபிரெஞ்ச் வடிகால்’ என்று தன் பெயரால் வழங்கும் இம்முறையை ஃபிரெஞ்ச் கண்டுபிடிக்கவில்லை என்பதும் சரியே. கல் நிரப்பி மூடிய வடிகால்களைப் பற்றி முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் கொலுமெல்லா எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுதியது விளைநிலத்துக்கு. அந்த அறிவை வீட்டின் அஸ்திவாரத்துக்குப் பொருத்தி, குழாயை எங்கே பதிப்பது என்று படம் போட்டு விளக்கியதே ஃபிரெஞ்சின் பங்கு. இம்முறைக்கு உண்மையான வரம்பு வேறு: நீர் போய்ச் சேரத் தாழ்வான இடம் வேண்டும். சமதளத்தில் அது கிடைக்காது. பின்னாளில் மின்மோட்டார் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனாலும் மோட்டார் இறைப்பது வடிகால் சேர்த்துக் கொடுக்கும் நீரைத்தான்; மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். ஆகவே சரிவான மனையில் வடிகாலே முதல் செலவு. பூச்சும் மோட்டாரும் அதற்குப் பின்னர்தான்.